வணிகத்தின் சமூகப் பொறுப்பும் கரையோரக் கிராமத்தின் மலசலகூடமும்

பாடம்: வணிகக் கல்வியும் கணக்கீடும்
அலகு: வணிகமும் சமூகமும்
தொடர்புறும் பாடங்கள்: சுகாதாரமும் உடற்கல்வியும், புவியியல், குடியியற் கல்வி



"வணிகத்தின் சமூகப் பொறுப்புகள் யாவை?" என்ற வினாவைக் கண்டதும் உங்களிற் பலர் உடனே எழுதத் தொடங்கிவிடுவீர்கள். பாடசாலைக்குக் கொப்பிகள் வழங்குதல், இரத்ததான முகாம் நடத்துதல், கிராமத்துக்கு மலசலகூடம் கட்டிக் கொடுத்தல் எனப் பட்டியல் நீளும். பட்டியல் சரியானதே. ஆனால் "ஓர் உதாரணம் தந்து விளக்குக" என்று வினா தொடருமாயின் பட்டியல் போதாது. ஏன் அந்த உதவி, யாருக்குப் பயன், என்ன செலவு, பின்னர் யார் பொறுப்பு என்பவற்றையும் எழுத வேண்டும்.

இப்பாடத்தில் ஒரேயொரு உதாரணத்தை எடுத்து அதன் அடிவரை சென்று பார்ப்போம். சிறு வணிகம் ஒன்று புத்தளம் கரையோரத்திலுள்ள ஒரு கிராமத்துக்கு மலசலகூடம் அமைக்க அனுசரணை வழங்குவதே அந்த உதாரணம்.

இப்பாடத்தைக் கற்ற பின்னர் நீங்கள்,
• வணிகத்தின் சமூகப் பொறுப்பைத் தக்க உதாரணத்துடன் விளக்குவீர்கள்.
• மலசலகூடத்துக்கும் கிணற்றுக்கும் உள்ள தொடர்பை எடுத்துரைப்பீர்கள்.
• அனுசரணை ஒன்றைத் திட்டமிடும் படிமுறைகளை வரிசைப்படுத்துவீர்கள்.
• அனுசரணைச் செலவைக் கணக்கேடுகளிற் பதிவீர்கள்.

1. வணிகம் ஏன் சமூகத்துக்கு உதவ வேண்டும்?

வணிகம் தனித்து இயங்குவதில்லை. உரிமையாளர், ஊழியர், வாடிக்கையாளர், வழங்குநர், அரசாங்கம், அயற் சமூகம் ஆகிய தரப்பினர் அதனோடு தொடர்புபடுகின்றனர். கற்பிட்டியில் ஐஸ் விற்கும் ஒரு சிறு வணிகத்தை எண்ணிப் பாருங்கள். அதன் வாடிக்கையாளர் மீனவர்கள். அதன் ஊழியர் அதே கிராமத்து இளைஞர்கள். கிராமத்தில் வயிற்றோட்டம் பரவினால் ஊழியர் வேலைக்கு வரமாட்டார்கள், மீனவர் கடலுக்குப் போகமாட்டார்கள், ஐஸ் விற்பனையாகாது. எனவே கிராமத்தின் ஆரோக்கியமும் வணிகத்தின் வருமானமும் ஒரே கயிற்றின் இரு முனைகளாகும்.

சட்டக் கடமையையும் சமூகப் பொறுப்பையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. தொழிற்சாலையில் வேலை செய்யும் ஊழியருக்கு மலசலகூட வசதி செய்து கொடுப்பது 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின்படி தொழில்தருநரின் கடமையாகும். அது நன்கொடை அன்று. தன் சுவருக்கு வெளியே வாழும் மக்களுக்கு விரும்பி உதவுவதே இங்கு நாம் பேசும் அனுசரணை.

சில நாடுகள் பெரிய கம்பனிகளுக்கு இதனையும் சட்டமாக்கியுள்ளன. இந்தியாவின் 2013 ஆம் ஆண்டுக் கம்பனிகள் சட்டத்தின் 135 ஆம் பிரிவு, குறித்த அளவுக்கு மேற்பட்ட கம்பனிகள் தமது சராசரி இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. 2014 ஆகஸ்டில் டாட்டா கன்சல்டன்சி சேர்விசஸ் நிறுவனம் பெண்பிள்ளைகள் கற்கும் பாடசாலைகளில் மலசலகூடம் அமைக்க 100 கோடி இந்திய ரூபாவை அறிவித்தது. சிறு வணிகங்களை இத்தகைய சட்டம் கட்டுப்படுத்துவதில்லை. அவை செய்வது முற்றிலும் தன்விருப்பின் பேரிலாகும்.

2. ஏன் மலசலகூடம்?

ஒருவரின் மலத்திலுள்ள நோய்க்கிருமி இன்னொருவரின் வாயை அடைய ஐந்து வழிகள் உள்ளன: கை, ஈ, மண், நீர், உணவு. வயிற்றோட்டம், வாந்திபேதி, நெருப்புக் காய்ச்சல், செங்கண்மாரியின் சில வகைகள் ஆகியன இவ்வழிகளாற் பரவுகின்றன. கொளுக்கிப் புழு மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்தே உடலினுள் புகும். மலசலகூடம், தூய நீர், சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல் ஆகிய மூன்றும் சேரும்போதுதான் இவ்வழிகள் அடைபடுகின்றன. மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஒரு வழி திறந்தே இருக்கும்.

நோய்த்தடுப்பு மட்டுமே பயன் அன்று. கரையில் மீன் காயவைக்கும் ஒரு பெண் மறைவிடம் இல்லாத காரணத்தால் இருட்டும்வரை அடக்கிக்கொண்டிருக்க நேரிடுகிறது. அதற்காகத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்பவர்களும் உண்டு. மாதவிடாய் நாட்களில் வசதி இல்லாத பாடசாலைக்கு மாணவி வரத் தயங்குகிறாள். ஆகவே இது மானத்தோடும் கல்வியோடும் தொடர்பான விடயமுமாகும். 2010 ஜூலை 28 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை தூய நீரையும் சுகாதார வசதியையும் மனித உரிமையாக ஏற்றுக்கொண்டது.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் வெளியிட்ட மதிப்பீட்டின்படி 2022 இல் உலகில் ஏறத்தாழ 419 மில்லியன் மக்கள் திறந்தவெளியையே பயன்படுத்தினர். இலங்கையின் நிலை இதனை விட எவ்வளவோ மேலானது. பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட குடும்பங்களிடம் மலசலகூடம் உண்டு. 1926 இல் களுத்துறையில் ஆரம்பமான சுகாதாரப் பிரிவு முறையும், வீடுவீடாகச் சென்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களின் உழைப்பும் இதற்குப் பெரிதும் உதவின.

அப்படியாயின் புத்தளம் கரையில் இன்னும் என்ன பிரச்சினை? விடை நிலத்துக்குக் கீழே இருக்கிறது.

3. எமது கரையின் மணலும் நீரும்

கற்பிட்டிக் குடாநாடு மேற்கே இந்து சமுத்திரத்துக்கும் கிழக்கே புத்தளம் களப்புக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணல் நிலம். மழைநீர் மணலில் இறங்கி, உவர்நீரின் மேல் ஒரு படையாக மிதந்து நிற்கிறது. நன்னீர் உவர்நீரை விட அடர்த்தி குறைந்தது என்பதே இதற்குக் காரணம். வீட்டுக் கிணறு, தோட்டக் கிணறு யாவும் இப்படையிலிருந்தே நீர் பெறுகின்றன. சில அடிகள் தோண்டினாலே நீர் கிடைப்பது இந்நிலத்தின் வரம்.

அந்த வரத்துக்குள் ஓர் ஆபத்தும் உண்டு. மணலின் ஊடே நீர் விரைவாக இறங்கும். அதனோடு அழுக்கும் இறங்கும். மலசலகூடக் குழியின் அடி நிலக்கீழ் நீரைத் தொட்டுவிட்டால் கிருமிகள் வடிக்கப்படாமலே கிணற்றை நோக்கிப் பயணிக்கலாம். மாரிகாலத்தில் நீர்மட்டம் உயரும்போது கோடையில் உலர்ந்திருந்த குழியும் நீரில் மூழ்கிவிடும்.

இரண்டாவது ஆபத்து நைத்திரேற்று. இது மலசலகூடக் குழிகளிலிருந்தும், மரக்கறித் தோட்டங்களுக்கு இடும் பசளையிலிருந்தும் நீரிற் கலக்கிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. கற்பிட்டிப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் இவ்வெல்லை தாண்டப்பட்டிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அதிக நைத்திரேற்று உள்ள நீரிற் கரைத்த பாலைக் குடிக்கும் கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றலை இழக்கலாம். குழந்தையின் உடல் நீலம் பாரிக்கும்.

நினைவிற் கொள்க: நீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் அழியும். நைத்திரேற்று அழியாது. நீர் ஆவியாகிக் குறைவதால் அதன் செறிவு சற்றுக் கூடவும் செய்யும்.

குழிக்கும் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம் வேண்டும்? அனர்த்த நிவாரணப் பணிகளுக்கென வகுக்கப்பட்ட ஸ்பியர் நியமங்கள் பின்வருமாறு கூறுகின்றன.
• குழி நிலக்கீழ் நீர் மூலத்திலிருந்து குறைந்தது 30 மீற்றர் தூரத்தில் இருத்தல்.
• குழியின் அடி நீர்மட்டத்துக்குக் குறைந்தது 1.5 மீற்றர் மேலே இருத்தல்.
• ஒரு பொது மலசலகூடத்தை 20 பேருக்கு மேல் பயன்படுத்தாதிருத்தல்.
மண்ணின் தன்மைக்கேற்ப இத்தூரம் மாறலாம். உங்கள் இடத்துக்குப் பொருத்தமான அளவைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறியுங்கள்.

கணித்துப் பார்ப்போம். ஒரு குடும்பத்துக்கு 10 பேர்ச்சஸ் காணி உண்டு என்க. 1 பேர்ச்சஸ் ஏறத்தாழ 25.3 சதுர மீற்றர். ஆகவே காணியின் பரப்பு 253 சதுர மீற்றர். காணி சதுரமாயின் ஒரு பக்கம் ஏறத்தாழ 15.9 மீற்றர். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு 22.5 மீற்றர் மாத்திரமே.

இதன் கருத்து என்ன? கிணற்றை ஒரு மூலையிலும் மலசலகூடத்தை எதிர் மூலையிலும் வைத்தாலும் அக்காணிக்குள் 30 மீற்றர் கிடைக்காது! மேலும், எமது குழி எமது கிணற்றிலிருந்து விலகும்போது அயலவரின் கிணற்றை நெருங்குகிறது. எனவே மணற்கரையில் மலசலகூடம் ஒரு வீட்டின் தனிப்பட்ட விடயமாக இருக்க முடியாது. ஒழுங்கை முழுவதற்கும் சேர்த்தே திட்டமிட வேண்டும். குழாய்நீர் கிடைக்குமா, பொதுக் கிணறு ஒன்றை மேட்டில் வைக்கலாமா, கசியாத கழிவுத்தாங்கி அமைக்கலாமா என்ற வினாக்கள் அப்போதே எழுகின்றன.

4. புத்தளம் பெற்ற அனுபவம்

1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து சுமார் 75,000 முஸ்லிம் மக்கள் தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்தின் புத்தளம், கற்பிட்டி, முந்தல், வண்ணாத்திவில்லு ஆகிய பகுதிகளுக்கு வந்து சேர்ந்தனர். உள்ளூர் மக்கள் தம் காணியையும் கிணற்றையும் பகிர்ந்துகொண்டனர். ஓலைக் குடிசைகள் நெருக்கமாக எழுந்தன. ஒரே மணலிற் கிணறுகளும் குழிகளும் பெருகின.

தற்காலிகமென எண்ணிய முகாம் வாழ்வு ஆண்டுக்கணக்கில் நீண்டது. உலக வங்கியின் நிதியுதவியுடன் 2007 இல் ஆரம்பமான புத்தளம் வீடமைப்புத் திட்டம் வீட்டோடு குடிநீரையும் மலசலகூடத்தையும் சேர்த்துக் கருத்திற்கொண்டது. வீடு, நீர், மலசலகூடம் ஆகிய மூன்றையும் தனித்தனியே பிரிக்க முடியாது என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

இவ்வாறான பாரிய திட்டங்கள் சென்றடையாத இடங்களும் உண்டு. பருவத்துக்குப் பருவம் இடம்பெயரும் மீனவர்கள் கரையோரத்தில் அமைக்கும் வாடிகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். சில மாதங்களே தங்குவதால் அங்கு நிலையான மலசலகூடம் கட்ட எவரும் முன்வருவதில்லை. தலவில் புனித அன்னம்மாள் திருத்தலத் திருவிழாக் காலத்திலும், உடப்பு திரௌபதி அம்மன் ஆலயத் தீமிதிப்பின்போதும் பெருந்தொகையான மக்கள் கூடுகின்றனர். சிறு வணிகங்களின் அனுசரணை மிகவும் பயன்படக்கூடிய இடங்கள் இவையே.

5. பிறர் அனுபவங்களிலிருந்து கற்போம்

(அ) மசாய் மக்கள்: கென்யாவின் தெற்கிலும் தன்சானியாவின் வடக்கிலும் வாழும் மசாய் இன மக்கள் கால்நடை வளர்ப்போர். மேய்ச்சலையும் நீரையும் தேடி இடம்பெயரும் மரபுடையோர். அவர்களின் பாரம்பரிய வீடுகளைத் தடிகள், மண், மாட்டுச்சாணம் கொண்டு பெண்களே அமைக்கின்றனர். எமது வாடி மீனவர்களைப் போலவே அவர்களுக்கும் நிலையான கட்டடம் உடனே பொருந்துவதில்லை. கென்யாவின் சில சமூகங்களில் மாமனாரும் மருமகளும் ஒரே மலசலகூடத்தைப் பயன்படுத்துவது வழக்கமன்று. இதனைக் கேட்டறியாத ஒரு நன்கொடையாளர் அழகான கட்டடத்தைக் கட்டிக் கொடுத்தாலும் குடும்பத்திற் பாதிப்பேர் அதனுட் செல்லமாட்டார்கள்.

இதனாலேயே கென்யா 2007 முதல் வேறொரு வழிமுறையைக் கையாளத் தொடங்கியது. இம்முறை கமல் கார் என்பவரால் 2000 ஆம் ஆண்டளவில் பங்களாதேசில் உருவாக்கப்பட்டது. கிராமத்தவர் தாமே தம் ஊரின் வரைபடத்தை நிலத்தில் வரைந்து, மலங்கழிக்கும் இடங்களைக் குறித்து, அது எவ்வாறு தம் உணவுக்கும் நீருக்கும் வந்து சேர்கிறது என்பதைத் தாமே கண்டுகொள்கின்றனர். தேவை உணரப்பட்ட பின்னரே கட்டுமானம்.

(ஆ) முசிறி: தமிழ்நாட்டின் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் காவிரிக் கரையில் உள்ள ஊர் முசிறி. அங்கும் நிலக்கீழ் நீர் மேலேயே நிற்பதால் குழி தோண்டுவது பொருத்தமற்றதாயிற்று. மராச்சி சுப்புராமன் தலைமையிலான ஸ்கோப் என்னும் தொண்டு நிறுவனம் நிலத்துக்கு மேலே அறை அமைத்து, சிறுநீரையும் மலத்தையும் வேறாகச் சேர்க்கும் உலர் மலசலகூடங்களைக் கட்டியது. மலத்தின் மீது சாம்பல் தூவப்படும். அறை நிறைந்ததும் மூடி வைத்து உக்கவிடுவர். அங்குள்ள பொது மலசலகூடம் ஒன்றைப் பயன்படுத்தியவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் 10 பைசா கொடுக்கப்பட்டது. கழிவு பசளையாகும் ஆதலால் அதற்கும் ஒரு விலை உண்டு என்பதை மக்கள் உணர்ந்தனர். சுப்புராமனுக்கு 2021 இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

நீர்மட்டம் உயர்ந்த எமது கரைக்கும் இம்முறை சிந்திக்கத் தக்கது. ஆனால் பசளையாக இடும்போது அளவு மீறினால் நைத்திரேற்று மீண்டும் கிணற்றுக்கே வந்து சேரும் என்பதை மறத்தலாகாது.

(இ) ஒரு வணிகரின் முயற்சி: சிங்கப்பூரைச் சேர்ந்த ஜாக் சிம் தொழிலால் ஒரு வணிகர். பேசக் கூசும் விடயமாக மலசலகூடம் இருப்பதே அதன் முதற் தடை எனக் கண்டு, 2001 இல் உலக மலசலகூட அமைப்பை நிறுவினார். அவ்வமைப்பு தொடங்கிய நவம்பர் 19 ஆம் திகதியை 2013 இல் ஐக்கிய நாடுகள் சபை உலக மலசலகூட தினமாக ஏற்றது. பணத்தை மட்டுமன்றி, விளம்பரம் செய்யும் திறமையையும் வணிகர் சமூகத்துக்குக் கொடுக்கலாம் என்பதற்கு இது உதாரணம்.

6. நல்ல அனுசரணையின் படிமுறைகள்

படி 1: கேட்டல். கிராமத்தவரை, குறிப்பாகப் பெண்களை, முதியோரை, அங்கவீனமுற்றோரைக் கேட்டறிதல். கதவு எத்திசை நோக்க வேண்டும், உள்ளே தாழ்ப்பாள் உண்டா, இரவில் வெளிச்சம் உண்டா என்பனவும் இதில் அடங்கும்.

படி 2: அனுமதியும் ஆலோசனையும். கிராம உத்தியோகத்தர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பிரதேச சபை ஆகியோரை நாடல். காணி யாருடையது என்பதை எழுத்தில் உறுதிப்படுத்தல்.

படி 3: இடமும் வகையும். மாரிகால நீர்மட்டத்தை அறிதல். அதற்கேற்ப, உயர்த்திக் கட்டிய குழி, கசியாத கழிவுத்தாங்கி, உலர் மலசலகூடம் என்பவற்றில் ஒன்றைத் தெரிதல். தாங்கியாயின் கழிவகற்றும் பவுசர் வரக்கூடிய பாதை இருத்தல் வேண்டும். மணலிற் புதையும் ஒழுங்கைக்குள் பவுசர் வராது.

படி 4: கட்டுதல். இயன்றவரை உள்ளூர் மேசன்மாரை அமர்த்தல். கைகழுவும் இடம், சாய்தளம், மூடியுள்ள குப்பைத்தொட்டி என்பவற்றை முதலிலேயே திட்டத்திற் சேர்த்தல்.

படி 5: பராமரிப்பு. யார் கழுவுவது, சவர்க்காரம் யார் வாங்குவது, குழி நிறைந்தால் யார் பணம் கொடுப்பது என்பவற்றைத் திறப்பு விழாவுக்கு முன்னரே தீர்மானித்தல்.

படி 6: மீளாய்வு. ஓராண்டின் பின்னரும் மூன்றாண்டின் பின்னரும் சென்று பார்த்தல். அயற்கிணற்று நீரைப் பரிசோதிப்பித்தல்.

குழி எப்போது நிறையும்? நீர் பயன்படுத்தும் குழியில் ஒருவரால் ஆண்டுக்கு ஏறத்தாழ 40 லீற்றர் படிவு சேரும் எனத் திட்டமிடலிற் கொள்ளப்படுவதுண்டு. குழியின் பயன்படு கொள்ளளவு 1 கன மீற்றர், அதாவது 1,000 லீற்றர் என்க.
5 பேருள்ள குடும்பம்: 5 × 40 = 200 லீற்றர். 1,000 ÷ 200 = 5 ஆண்டுகள்.
20 பேர் பாவிக்கும் பொது மலசலகூடம்: 20 × 40 = 800 லீற்றர். 1,000 ÷ 800 = 1.25 ஆண்டுகள், அதாவது 15 மாதங்கள்.
திறப்பு விழாப் புகைப்படம் மங்குவதற்கு முன்னரே பொதுக் குழி நிறைந்துவிடும் என்பதைக் கவனியுங்கள்.

7. கணக்கேட்டுப் பதிவு

வணிகமும் உரிமையாளரும் கணக்கீட்டில் இரு வேறு அலகுகள். ஆகவே பணம் எங்கிருந்து வந்தது, எதற்காகச் சென்றது என்பவற்றைப் பொறுத்துப் பதிவு மாறுபடும்.

• வணிகத்தின் பெயரால், வணிகத்தின் வங்கிக் கணக்கிலிருந்து கிராமத்துக்கு வழங்கினால்: நன்கொடைச் செலவுக் கணக்கு வரவு, வங்கிக் கணக்கு செலவு.
• வணிகத்தின் பணத்தை எடுத்து உரிமையாளர் தம் குடும்பத்தவர் நினைவாகத் தனிப்பட்ட முறையில் வழங்கினால்: எடுப்பனவுக் கணக்கு வரவு; வங்கிக் கணக்கு செலவு.
• உரிமையாளர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வழங்கினால்: வணிகத்தின் ஏடுகளிற் பதிவு இல்லை.
• வணிகம் தன் சொந்த வளவில் தன் ஊழியருக்காக மலசலகூடம் கட்டினால்: கட்டடக் கணக்கு வரவு, வங்கிக் கணக்கு செலவு. இது நடைமுறையல்லாச் சொத்து.

கிராமத்துக்குக் கொடுத்த மலசலகூடம் வணிகத்தின் சொத்தாகாது. அது வணிகத்தின் கட்டுப்பாட்டில் இல்லை.

8. மாதிரி வினாவும் விடையும்

பின்வரும் சம்பவம் பயிற்சிக்காக அமைக்கப்பட்டது. தொகைகள் யாவும் எடுகோள்களாகும்.

கரையோர வாடி ஒன்றில் 20 குடும்பங்களைச் சேர்ந்த 80 பேர் வாழ்கின்றனர். அவர்களுக்கு ஐஸ் வழங்கும் சிறு வணிகம் ஒன்று பொது மலசலகூடம் அமைக்க ரூபா 1,000,000 ஒதுக்குகிறது. ஒரு மலசலகூடத்துக்கு ரூபா 200,000 செலவாகும். முகாமையாளர் ஐந்து மலசலகூடங்களைக் கட்டி, முகப்பில் வணிகத்தின் பெயரைப் பெரிதாக எழுத விரும்புகிறார். கணக்காளரோ நான்கு போதும் என்கிறார். கைகழுவும் இடத்துக்கும் நீர்த்தாங்கிக்கும் ரூபா 80,000 வேண்டும். கழுவும் கூலி, சவர்க்காரம், பவுசருக்கான சேமிப்பு ஆகியவற்றுக்கு மாதம் ரூபா 10,000 செல்லும். ஒவ்வொரு குடும்பமும் மாதம் ரூபா 300 தரச் சம்மதிக்கிறது.

(i) தேவையான மலசலகூடங்களின் குறைந்தபட்ச எண்ணிக்கை யாது?
விடை: 20 பேருக்கு ஒன்று வீதம் 80 ÷ 20 = 4.

(ii) கணக்காளரின் திட்டப்படி மீதியாகும் நிதி எவ்வளவு?
விடை: மலசலகூடங்கள் 4 × 200,000 = 800,000. கைகழுவும் இடமும் தாங்கியும் 80,000. மொத்தம் 880,000. மீதி 1,000,000 – 880,000 = ரூபா 120,000.

(iii) இம்மீதி எவ்வளவு காலத்துக்குப் பராமரிப்பைத் தாங்கும்?
விடை: மாதச் செலவு 10,000. குடும்பங்களின் பங்களிப்பு 20 × 300 = 6,000. மாதப் பற்றாக்குறை 4,000. 120,000 ÷ 4,000 = 30 மாதங்கள்.

(iv) முப்பது மாதங்களின் பின் என்ன செய்யலாம்? இரு வழிகள் தருக.
விடை: பங்களிப்பை ஒரு குடும்பத்துக்கு ரூபா 500 ஆக உயர்த்தினால் 20 × 500 = 10,000 கிடைத்துச் செலவு ஈடாகும். அல்லது வணிகம் மாதம் ரூபா 4,000 ஐத் தொடர்ந்து வழங்க உடன்படலாம். கடலுக்குச் செல்ல முடியாத மாதங்களில் குடும்பங்களின் வருமானம் குறையும் என்பதால் இதனை முன்கூட்டியே பேசி முடிப்பது நன்று.

(v) முகாமையாளரின் திட்டத்தை மதிப்பிடுக.
விடை: ஐந்து மலசலகூடங்கள் அமைவதால் நெருக்கம் குறையும், வணிகத்தின் நற்பெயரும் விரைவாகப் பரவும். எனினும் 5 × 200,000 = 1,000,000 உடன் நிதி முழுவதும் தீர்ந்துவிடும். கைகழுவ வசதியில்லை. முதல் மாதம் தொடக்கமே பராமரிப்புக்கு ரூபா 4,000 பற்றாக்குறையாகும். அசுத்தமான மலசலகூடத்தை மக்கள் கைவிடுவர். கைவிடப்பட்ட கட்டடத்தின் முகப்பிலுள்ள பெயர் வணிகத்துக்குப் பெருமை சேர்க்காது. ஆகவே நான்கு மலசலகூடங்களும் பராமரிப்பு நிதியும் கொண்ட திட்டமே சிறந்தது.

(vi) கட்டத் தொடங்குமுன் இவ்விருவரும் கேட்க மறந்த முக்கிய வினா ஒன்றைக் குறிப்பிடுக.
விடை: வாடியின் குடிநீர்க் கிணறு எங்கே உள்ளது, மாரிகாலத்தில் நீர்மட்டம் எவ்வளவு உயர்கிறது என்பது.

குறிப்பு: "மதிப்பிடுக" எனக் கேட்டால் நன்மை, தீமை, முடிவு மூன்றையும் எழுதுங்கள். முடிவு இல்லாத விடை முழுமையற்றது.

9. பயிற்சி வினாக்கள்

பகுதி அ: சரியான விடையைத் தெரிக.

1. வணிகத்தின் பணத்தில் உரிமையாளர் தனிப்பட்ட நன்கொடை வழங்கினால் வரவு வைக்க வேண்டிய கணக்கு
(1) காசு (2) எடுப்பனவு (3) கட்டடம் (4) விற்பனை

2. நீரைக் கொதிக்க வைப்பதால் அகற்ற முடியாதது
(1) பற்றீரியா (2) வைரசு (3) நைத்திரேற்று (4) அமீபா

3. பயன்படு கொள்ளளவு 1,000 லீற்றர் உடைய குழியை 10 பேர் பாவித்தால், ஒருவருக்கு ஆண்டுக்கு 40 லீற்றர் வீதம், அது நிறையும் காலம்
(1) 1 ஆண்டு (2) 2 ஆண்டுகள் (3) 2.5 ஆண்டுகள் (4) 5 ஆண்டுகள்

பகுதி ஆ: சுருக்கமாக விடை தருக.

1. சட்டக் கடமைக்கும் சமூகப் பொறுப்புக்கும் இடையிலான வேறுபாட்டை உதாரணத்துடன் விளக்குக.
2. மணற்பாங்கான கரையோரத்தில் மலசலகூடக் குழி அமைப்பதில் உள்ள இரு இடர்களைக் குறிப்பிடுக.
3. மசாய் மக்களின் வாழ்க்கை முறைக்கும் வாடி மீனவரின் வாழ்க்கை முறைக்கும் உள்ள ஓர் ஒற்றுமையைக் கூறி, அது மலசலகூடத் திட்டமிடலை எவ்வாறு பாதிக்கும் என விளக்குக.

செயற்பாடு: உங்கள் வீட்டுக் கிணற்றிலிருந்து உங்கள் மலசலகூடக் குழிக்கும், அயல் வீட்டுக் குழிகளுக்கும் உள்ள தூரங்களை அளந்து ஒரு வரைபடத்திற் குறியுங்கள். அளக்குமுன் அயலவரிடம் அனுமதி பெறுங்கள். வரைபடத்தை உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டி ஆலோசனை பெறுங்கள்.

பகுதி அ விடைகள்: 1 – (2), 2 – (3), 3 – (3)

மாணவர்களே, உங்களிற் சிலர் நாளை ஐஸ் வணிகமோ கருவாட்டு வணிகமோ தென்னந்தும்பு வணிகமோ நடத்துவீர்கள். ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணமும் வரும். அன்று கல்லில் பெயர் பொறிப்பதற்கு முன் கிணறு எங்கே என்று கேளுங்கள். மூன்று ஆண்டுகளின் பின் அந்த மலசலகூடத்தின் கதவு திறந்து மூடிக்கொண்டிருந்தால், அருகிலுள்ள கிணற்றுநீரை ஒரு தாய் அச்சமின்றித் தன் பிள்ளைக்குக் கொடுத்தால், உங்கள் அனுசரணை வெற்றி பெற்றது என எழுதலாம்.